மச்சம் எந்தக் கன்னத்தில்?

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு காலை. புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நடந்தது இது. 'நடந்தது' என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். நான் செய்தது.

முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருடம், வீட்டில் யாராவது சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து தமிழ் டைப்பிங்கும் டிசைனும் கற்றேன். அன்று உட்கார்ந்தவள்தான். இருபது வருடத்தில் நாற்காலிதான் மாறியிருக்கிறது, நான் மாறவில்லை.

எங்கள் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரே உள்ளே வந்துவிடும். வார்டு பிரமுகருக்கு வருடத்தில் ஒரு பிறந்த நாள்தான், பேனர் மட்டும் ஒன்பது. அதில் அவர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டே நடந்து வருவார். எங்கே போகிறார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கல்யாண பேனர் என்றால் நண்பர்கள் பதினெட்டு பேர் போட்டோ பெரிது பெரிதாக இருக்க, மாப்பிள்ளை ஒரு மூலையில் தபால் தலை அளவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். பிரான்சில் இருக்கும் மகன் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு 'பிரெஞ்சிலயும் ரெண்டு வரி போட்ருங்க' என்று அனுப்பி வைப்பார். எனக்கு பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. எழுத்துக்கு மேலே இருக்கும் தொப்பியையும் கீழே இருக்கும் கொக்கியையும் கோலப்புள்ளி மாதிரி எண்ணி எண்ணிப் போடுவேன். இதுவரை யாரும் அடிக்க வரவில்லை.

யார் வந்தாலும், எந்த விசேஷமாக இருந்தாலும், கடைசியில் கேட்பது ஒன்றுதான். "கொஞ்சம் கலர் ஏத்தி வுடுங்க." பிறந்த குழந்தைக்கும் கலர் ஏற்ற வேண்டும், செத்தவருக்கும் ஏற்ற வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது. கேட்காதவர்களுக்கும் ஏற்றுவேன்.

கண்ணீர் அஞ்சலி பேனர்தான் எங்கள் கடையில் அவசர வேலை. காலையில் சாவு என்றால் மத்தியானத்துக்குள் தெருமுனையில் பேனர் நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு நல்ல போட்டோவே இருக்காது. லுங்கியோடு ஒரு போட்டோ, யாரோ ஒருவரின் தோள் பாதி முகத்தை மறைத்த போட்டோ என்று கொண்டு வருவார்கள். அதற்காகவே என் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஆண்களுக்குக் கோட்டு, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். பெண்களுக்குப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து உடம்பில் பொருத்தினால் வேலை முடிந்தது. ஆறாம் நம்பர் அரக்குப் பட்டுதான் எப்போதும் கிராக்கி. ஒரு தடவை ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு பேனர், இரண்டு அம்மாக்களுக்கும் அதே புடவை, அதே ஆரம். நல்லவேளை, பார்த்தவர்கள் சம்பந்திகள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று காலை வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். அங்கிருந்து இங்கே வரும் வழியில் எத்தனையோ ஃப்ளெக்ஸ் கடைகள் இருக்க, தேடிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறாளே, நம் கைவண்ணம் அவ்வளவு தூரம் பேசப்படுகிறதா என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை வந்தது.

"எங்கம்மாக்கா. நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில… மூணு வாரமா வச்சிருந்தோம்," என்றாள். "இந்த ஒரு போட்டாதான் இருக்குது. எடுக்கவே வுடமாட்டாங்க. தெரியாம எடுத்தது."

அவள் போனிலிருந்து கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கடற்கரையில் ஒரு படகின் நிழலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுக்கிறவளைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வந்துவிட்ட முகம். தலை கலைந்து கிடந்தது. வெயிலில் கண் சுருங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. ஒரு கன்னத்தில் மிளகு அளவுக்கு மச்சம்.

எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் வேலைதான். எவ்வளவு வேலை இருக்கிறது பார் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கினேன். அப்படிப் பெரிதாக்கினால் முகம் என்று ஒன்று தெரியாது, வெறும் தோல்தான் தெரியும். இங்கே ஒரு சுருக்கம், அங்கே ஒரு கறுப்பு, கண்ணுக்குக் கீழே ஒரு குழி. ஒவ்வொன்றாக நிரவிக்கொண்டு போனேன். பக்கத்துப் பல்லை நகல் எடுத்து இல்லாத இடத்தில் வைத்தேன். மச்சத்துக்கு ஒரே அழுத்து. பக்கத்துத் தோல் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. கலரை இரண்டு சுற்று ஏற்றினேன். ஆறாம் நம்பர் அரக்குப் பட்டு. முக்கால் மணி நேரத்தில் ஒரு மகாலட்சுமி தயார்.

இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அசல் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும். சென்டரில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். இருபது வருட அனுபவசாலிக்கு அதெல்லாம் எதற்கு? அசல் மேலேயே வேலை செய்து, அதன் மேலேயே சேமித்துவிட்டேன்.

அந்தப் பெண் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா மாதிரியே இல்லக்கா," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அழகா இருக்காங்க."

இதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பாராட்டு என்றே நினைத்து, அந்த முகத்தை 'சாம்பிள்' ஃபோல்டரிலும் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேரிடம் திறந்து காட்டியிருக்கிறேன். 'பாருங்க, எப்படி வந்த போட்டோ, எப்படி மாத்திக் குடுத்துருக்கேன்!'

அந்த மாதம் எனக்கு வேறொரு கோபமும் இருந்தது. புதன்கிழமை தவறாமல் எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். கடை வாசலில் அன்னக்கூடையை இறக்கி வைத்து ஒரு குரல் கொடுப்பார். நான் போய்க் குந்தி உட்கார்ந்து செவுளைத் திறந்து பார்ப்பேன். சிவப்பாக இருந்தால்தான் வாங்குவேன். ஆறேழு வருடப் பழக்கம். திடீரென்று ஆளைக் காணோம். நல்ல வாடிக்கை வேறு தெருவில் கிடைத்திருக்கும், நம்மை மறந்துவிட்டார் என்று வீட்டில் புலம்பினேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வாங்க ஆரம்பித்தேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அது பெரிய வேலை. மெஷினைத் துடைத்து, தரையைக் கழுவி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைப்போம். கடையைக் கழுவுவது போலக் கம்ப்யூட்டரையும் கழுவுவது எங்கள் வழக்கம். ஒரு வருடத்துப் பழைய ஃபைல்களை மொத்தமாக அழிப்போம். கடை போனில் வாட்ஸ்அப்பையும் காலி செய்வோம். அழித்து முடித்ததும் மெஷின் வேகமாக ஓடும். முதலாளி, "இப்பதான் லட்சுமி உள்ள வருவா," என்பார். அந்த வருடமும் எல்லாவற்றையும் அழித்தேன், 'உடம்பு'களையும் 'சாம்பிள்'களையும் தவிர.

மறு வருடம் ஆடி மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கூட அவள் அப்பா. ஒல்லியான மனிதர். வெயிலில் கறுத்த உடம்பு, உப்பில் வெளுத்த சட்டை. கடை ஏ.சி.க்குக் கூச்சப்பட்டு வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்தார்.

"வருஷ திதி வருதுக்கா. வூட்ல மாட்ட போட்டா வேணும்," என்றாள் அவள். "அந்த மேக்கப் பண்ணது வேணாம். நான் மொதல்ல அனுப்புனேனே, அப்படியே அத பிரின்ட் போட்டுக் குடுத்தா போதும்."

"ஒங்கிட்ட இருக்குமே?"

"கார்த்திகை மழையில வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுல்ல, அதுல போனு போயிடிச்சிக்கா. ஒங்ககிட்ட இருக்குதுன்னு தைரியமா இருந்துட்டோம்."

என்னிடம் படம் இல்லை என்று அந்த நொடியே தெரியும். ஆனாலும் மௌஸைப் பிடித்துக்கொண்டு தேடுவது போல நடித்தேன். காலி ஃபோல்டர்களைத் திறந்தேன், மூடினேன். கால் மணி நேரம் இருக்கும். அந்த மனிதர் என் பின்னால் நின்று, ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவர் பார்ப்பது முதுகில் சுட்டது.

அப்புறம் வாய் கூசாமல் சொன்னேன். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுங்க. பழசெல்லாம் அழிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் பேசினார். "மெஷினு பூட்சுன்னா நீ இன்னாம்மா பண்ணுவ. வுடு." என்னைச் சமாதானம் செய்கிறார்! திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

வேறு போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டேன். அம்மாவின் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் மூக்கு இருக்கும் இடம் தெரிந்தது, அவ்வளவுதான். மற்றபடி முகம் முழுக்க ஒரே கறுப்பு. விசேஷ வீடுகளில் போட்டோக்காரர் வந்தால் அந்த அம்மா சமையல் பக்கம் எழுந்து போய்விடுவாராம்.

சாம்பிள் ஃபோல்டரில் இருந்த முகத்தைத் திறந்தேன். அந்த மனிதர் அதைப் பார்த்தார். யார் வீட்டுப் படத்தையோ தவறுதலாகத் திறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல. நான் அடுத்ததைத் திறக்கட்டும் என்று பேசாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதாம்ப்பா," என்றாள் மகள்.

அவர் தலையை ஆட்டினார். "அன்னிக்கு பேனர்லயும் இப்படித்தான் யாரோ மாதிரி இருந்தா."

நான் அவசரமாக, "நானே பழைய மாதிரி மாத்தித் தரேன், பக்கத்துல உக்காந்து சொல்லுங்க," என்றேன். மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஏற்றிய கலரை இறக்கினேன். நகையைக் கழற்றினேன். அவள் சொன்ன பூப்போட்ட நீலப் புடவை கிட்டத்தட்ட வந்தது. வைத்த பல்லைப் பிடுங்கினேன். அப்போது அந்த மனிதர் லேசாகச் சிரித்தார். கண்ணுக்குக் கீழே சுருக்கம் போட்டேன். "இன்னும் கொஞ்சம் போடும்மா, வெயில்லயே கெடந்தவ," என்றார். ஒருவருக்குச் சுருக்கம் கூடுதலாகப் போடச் சொல்லி என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான்.

மெல்ல மெல்ல யாரோ ஒருவர் திரையில் வந்துகொண்டிருந்தார். பரவாயில்லை, தப்பித்துவிடலாம் என்று எனக்கு மூச்சு வந்தது. "மச்சம் எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எடது கன்னத்துல," என்றார் அவர்.

"வலதுப்பா," என்றாள் அவள்.

"எடதுதான்டி. எனக்கு சோறு போட குனியும்போது தெனம் பாக்குறன்."

"நான் அம்மா பக்கத்துலயே படுத்தவ. மச்சம் எம்பக்கந்தான் இருக்கும். நீ கடல்லயே கெடந்த, ஒனக்கு இன்னா தெரியும்?"

அவளுக்கே தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர், "வலதுதானோ இன்னவோ," என்றார். உடனே அவள், "இல்லப்பா, எடதாத்தான் இருக்கும்," என்றாள். இரண்டு பேருக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வருடம் முன்னால் இருவருக்கும் சந்தேகமே இருந்திருக்காது. நான்தான் அந்தச் சந்தேகத்தை அவர்களுக்குக் கொடுத்தேன்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க வாரா வாரம் பாத்தவங்கதானே?"

"நான் எங்க பாத்தேன்மா?"

"இன்னாக்கா இப்படிக் கேக்குறீங்க? இந்தத் தெருவுலதானே அம்மா புதன்கெழம மீனு கொண்டாருவாங்க. ஒங்க கடை வாசல்லதான் கூடைய எறக்குவாங்க."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்கள செவுள் அக்கான்னுதான் சொல்லுவாங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "'செவுளத் தொறந்து பாக்காம வாங்கமாட்டாங்கடி, பாத்துட்டு வாய்க்குள்ளயே ஒரு சிரிப்பு சிரிக்கும், எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், சின்ன வயசுல எங்கியோ வுழுந்துருக்கும் போல, அந்தக் கடையில பேனர்லாம் போடறாங்க'ன்னு அம்மா சொல்லுவாங்க. அதனாலதான் அன்னிக்கு ஒங்கள தேடி வந்தேன். ஒங்களுக்கு அம்மாவ தெரியும், தெரிஞ்சிதான் அழகு பண்றீங்கன்னு நெனச்சேன். அதான் ஒண்ணும் சொல்லல."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. குரல் ஞாபகம் வந்தது. அந்தக் கை ஞாபகம் வந்தது. செதில் ஒட்டிய வளையல், கட்டை விரலில் ஒரு பழைய துணிச்சுற்று. தலையில் சும்மாடாகச் சுருட்டி வைக்கும் சிவப்புத் துண்டு. நிறுத்துப் போட்ட பிறகு மேலே இரண்டு மீனைக் கையால் அள்ளிப் போட்டு, "வச்சிக்கம்மா," என்று சொல்வது. எந்த மழையில் எந்த மீன் விற்றார் என்பது வரை வந்தது. முகம் மட்டும் வரவில்லை. ஆறேழு வருடம் நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. ஒரே ஒரு நாள்தான் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன், அன்றைக்கும் அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டிஸ்க் போகவில்லை, நான்தான் போக்கடித்தேன், உங்கள் அம்மாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "எனக்கும் சரியா ஞாபகம் இல்லம்மா," என்று மட்டும்தான் சொன்னேன்.

கடைசியில் அந்தப் பெண்தான் வழி சொன்னாள். இரண்டு படம் போடச் சொன்னாள். ஒன்றில் மச்சம் இடது கன்னத்தில், ஒன்றில் வலது கன்னத்தில். வலது பக்கப் படம் வீட்டுச் சுவருக்கு. இடது பக்கப் படத்தைச் சின்னதாக்கி லேமினேட் செய்து கொடுத்தேன், அவர் படகில் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்வதற்கு. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பி, "ரொம்ப கஷ்டம் குடுத்துட்டோம்மா," என்றார்.

ஒரு வாரம் கழித்து புதன்கிழமை காலை அந்தப் பெண் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா கொடுக்கச் சொன்னாராம். உள்ளே நான்கு சங்கரா மீன், பனிக்கட்டி போட்டு. நான் செவுளைத் திறந்து பார்க்கவில்லை. வீட்டில் குழம்பு வைத்தேன். எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

இப்போது கடையில் 'அசல்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கும் அதில் கை வைப்பதில்லை. மெஷின் மெதுவாக ஓடுகிறது, முதலாளி முணுமுணுக்கிறார். சாம்பிளிலிருந்து அந்த முகத்தை எடுத்துவிட்டேன். யாராவது அஞ்சலி பேனருக்கு வந்தால், "முகத்துல எதெல்லாம் தொடக் கூடாது?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சிலர் அங்கேயே அழுதுவிட்டுச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டு படங்களில் ஒன்று பொய் என்பது மாறப்போவதில்லை. எது பொய் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்த ஒரே படத்தை அழித்தவள் நான். அவர்களிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் வைத்திக்குப்பம் போக வேண்டும் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். காலையில் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் என் இடது புருவத்து வெட்டு கண்ணில் படுகிறது. கூடையை இறக்கி வைத்த நேரத்தில் நிமிர்ந்து இதைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்ட ஒருவரை, நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று அன்றன்றைக்குப் புதிதாக வலிக்கிறது.